தாரா, சிமெண்டா?

ஜப்பான்காரன் போய்விட்டான். ஆனாலும் வாசலில் லாரி வந்து நின்றால், என் மகன் எங்கே என்றுதான் இன்னமும் முதலில் தேடுகிறேன். அவன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். ஆனால் அந்த நாட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்து நிற்கிறது. நெஞ்சு படபடக்கும் ஒரு குதூகலம் அது.

யுத்தத்துக்கு முன் நான் மராமத்து இலாகாவில் ரோட்டு ஓவர்சியர். எங்கள் ஊரான லாபிஸ் பக்கத்துச் சடக்குகளில் பாதி என் கண்முன்னால் தார் கண்டவை. வெள்ளைக்காரன் போனதும் வேலையும் போயிற்று. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த என்னை ஒருநாள் ரயிலடிக்குக் கூப்பிட்டார்கள். சரக்குக் கொட்டகைக்கு முன்னால் இருந்த முற்றம் மழையில் சேறாகி, லாரிகள் அச்சு வரை புதைந்துகொண்டிருந்தன. அதற்குத் தளம் போட வேண்டும். பொறுப்பில் இருந்த ஜப்பானிய அதிகாரி அரைகுறை மலாயில் கேட்டார்: தாரா, சிமெண்டா, எது லெகாஸ்? அதாவது, எது சீக்கிரம் முடியும்?

தார்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அது உண்மைதான். பழகிய ஆட்கள் சிலர் போதும். கல்லைப் பரப்பி, தாரைக் காய்ச்சி ஊற்றி, ரோலரை ஓட்டினால் உடனே லாரி ஏறலாம். அதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த வேலையில் இருப்பவர்களுக்குக் கையில் கட்ட ஒரு துணிப்பட்டை கொடுப்பாராம். வேலை முடிகிறவரை அவர்களை யாரும் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்களாம்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

சயாமில் ரயில்பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. என் மகனுக்குப் பத்தொன்பது வயது. அவனோடு பந்து விளையாடிக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துப் பையனை அப்போதுதான் பிடித்துப் போய், ரயில் வரும்வரை குளுவாங்கில் ஒரு கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்கள். என் மகனுக்குத் தார் காய்ச்சத் தெரியாது. சிமெண்டு என்றால் கதை வேறு. மணல் சுமக்க, கல் சுமக்க, கலக்க, கொட்ட, அப்புறம் அது இறுகும்வரை நாள் கணக்கில் தண்ணீர் ஊற்ற, எத்தனை கை இருந்தாலும் போதாது.

யோசிக்க யோசிக்க இன்னொன்றும் தெளிவாயிற்று. அந்த இடத்துக்குச் சிமெண்டுதான் சரி! லாரி ஓடுகிற சாலை வேறு, லாரி பாரத்தோடு மணிக்கணக்கில் நிற்கிற முற்றம் வேறு. உச்சி வெயிலில் தார் இளகும், நின்ற சக்கரம் அதில் குழி பறிக்கும், எஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெய் அதைக் கரைக்கும். பொய்யே சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வெள்ளைக்காரன் விட்டுப்போன கிடங்கில் சிமெண்டு மூட்டைகள் அடுக்கியபடியே கிடப்பதும் எனக்குத் தெரியும்.

"சிமென், துவான்," என்று பணிவாகச் சொன்னேன். காரணங்களை மலாயில் கொட்டினேன். அவர் முகம் சுளித்தார். கடைசியில், இரண்டிலும் ஒரு துண்டு போட்டுக் காட்டு என்றார்.

வீட்டில் என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அவன்கிட்ட போய் வாதாடிட்டு வந்திருக்கீங்களே, கழுத்துல தலை இருக்கா?"

"இருக்கு, தொட்டுப் பாரு."

"வெளையாட்டா போச்சு உங்களுக்கு. கடைசியில அவன் தார்னே சொல்லிட்டா, பையன என்ன பண்றது?"



முற்றத்தின் ஓரத்தில் பாய் விரித்த அளவுக்கு இரண்டு துண்டுகள் போட்டேன். தார் உடனே அடங்கிப் பளபளவென்று கிடந்தது. சிமெண்டின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அதிகாரி அதைப் பார்த்து, காய்கறித் தோட்டமா என்று கேட்டுச் சிரித்தார். இதை வீட்டில் சொன்னபோது என் மகனும் விடவில்லை. "அப்பா, கங்கோங் கீரை எப்ப அறுக்கலாம்?" என்றான். நான் சிரிக்கவில்லை. என் கவலையெல்லாம் அந்தச் சாக்குக்கு அடியில் இருந்தது.

சாக்கை எடுத்த நாள் நல்ல வெயில். அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். இரண்டையும் பூட்ஸ் காலால் மிதித்துப் பார்த்தார். "இதற்கு என்ன குறை?" என்று காட்டுவதற்காகவே மோட்டார் சைக்கிளைத் தார்த் துண்டின் மேல் கொண்டுபோய் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, தேநீர் குடிக்க ரயிலடிக்குள் போனார்.

வெயிலில் நான் மட்டும் நின்றேன். ஸ்டாண்டின் இடது கால் தாருக்குள் இறங்கத் தொடங்கியது. வண்டி கொஞ்சம் சாய்ந்தது. குரல் கொடுத்தால் வண்டி பிழைக்கும், சிமெண்டு தோற்கும். கொடுக்காவிட்டால் நான் தொலைந்தேன். என் கைகள் தாமாகவே வண்டியைப் பிடிக்க நீண்டன. இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. விழு, விழு என்று மனசுக்குள் கத்தினேன்.

தடாலென்று விழுந்தது.

அவர் ஓடி வந்தார். "பகேரோ!" என்று அவர் பாஷையில் திட்டி ஒரு அறை. காதுக்குள் ஒரே ரீங்காரம். பிறகு குனிந்து, ஸ்டாண்டு பதிந்த குழியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் கறுப்பாக வந்தது. வண்டியைத் தூக்கிச் சிமெண்டின் மேல் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். நின்றது. அவர் பிடித்து ஆட்டினார். அப்போதும் நின்றது.

"சிமென்," என்றார். எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார்.

"பாஞாக், துவான். நிறைய, நிறைய!"

வீட்டுக்கு ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடியது அது ஒரு தடவைதான்.

"அலமாக்! கன்னம் என்னங்க இப்படி வீங்கியிருக்கு?"

"சிமெண்டு!" என்று கத்தினேன். "சிமெண்டுதான்டி!"

அடி மூளைக்கு ஏறிவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். விஷயம் புரிந்ததும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வலித்தது, ஆனால் கையை எடு என்று சொல்லவில்லை.

அடுத்த நாளே என் மகன் கையில் துணிப்பட்டை ஏறியது. மூட்டைகளில் பல கல்லாய் இறுகியிருந்தன. தேறியவற்றைக் கலந்து, பகுதி பகுதியாகத் தளம் போட்டோம். சாக்குப் பரப்பித் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவனுக்குக் கொடுத்தேன். பின்னாலேயே நின்று அவன் உயிரை எடுத்தேன்.

"ராத்திரி பூரா மழைப்பா. இன்னுமா இதுக்குத் தாகம்?"

"பேசாம ஊத்துடா."

அப்படி அவன் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் குளுவாங் பக்கமிருந்து ரயில் வந்தது. சரக்குப் பெட்டிகள். திறந்த கதவுகளில் நெருக்கியடித்து ஆட்கள். ரயிலடியைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. ஒரு பெட்டியிலிருந்து பந்து விளையாடிய பையன் என் மகனைப் பார்த்துவிட்டான். கையிலிருந்த பட்டையையும் தண்ணீர் வாளியையும் பார்த்தான். எப்படிப் புரிந்துகொண்டானோ தெரியாது.

"டேய்! நல்லா ஊத்துடா!" என்று கத்தினான். "சீக்கிரம் முடிச்சுடாதே!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ரயில் செகாமட் பக்கம் போய்விட்டது. என் மகன் ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டே நின்றான், வாளி காலியான பிறகும். அந்தப் பையன் இன்னும் திரும்பவில்லை. சயாமிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

எவ்வளவு இழுத்தாலும் சிமெண்டு ஒருநாள் இறுகித்தானே ஆக வேண்டும்? சாக்குகளை எடுத்தோம். பாரம் ஏற்றிய லாரியைக் கொண்டுவந்து பகலெல்லாம் நிறுத்தினார்கள். தளத்தில் ஒரு தடமும் இல்லை. எல்லோரும் தளத்தைப் பார்த்தார்கள். நான் என் மகன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தேன். வேலை முடிந்துவிட்டது.

அதிகாரி தளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என் எதிரில் வந்து நின்றார். இன்னொரு அறைக்குக் கன்னம் தானாகவே தயாராயிற்று.

"பாலோ," என்றார். பாலோ ரயிலடியிலும் இதே மாதிரி ஒரு சேற்று முற்றம் இருக்கிறதாம். "இதே ஆட்கள். சிமென்."

இடுப்பு ஒடிகிற மாதிரி வளைந்து கும்பிட்டேன். நிமிர்ந்தபோது என் மகன் பக்கத்தில் வந்து நின்றான், வாளியைக் கீழே வைக்காமலே.

"அங்கயும் அவசரப்பட முடியாதுல்ல, அப்பா?" என்று காதோடு கேட்டான்.