மேலுமலை ஏறாத கார்

கங்கப்பனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்தான். வேலை தெரியாதவர்கள் ஒரு வகை, வேலையும் தெரியாமல் வாயையும் அடக்காதவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத ஒரே ஆள் அவர்தான். மூக்கண்டப்பள்ளியில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறார். பதினான்கு வருடமும் கான்ட்ராக்ட்தான். பாகலூர்ப் பக்கம் அவருடைய அப்பா அடுத்தவன் தோட்டத்தில் தக்காளி பறித்தார். மகன் அடுத்தவன் கம்பெனியில் போல்ட் முடுக்குகிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலாளி அசோக்குமார் பொரி கடலையோடு ஒரு வாக்கும் கொடுப்பார். "அடுத்த ஆயுத பூஜைக்குப் பாக்கலாம் கங்கப்பா, பர்மனென்ட் பண்ணிடலாம்." பொரி அன்று சாயங்காலமே தீர்ந்துவிடும்.

அசோக்குமாருக்குப் பவிசு வந்ததும் பழைய கார் மோகமும் வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால், ஐம்பதுகளில் செய்த ஒரு அமெரிக்கக் காரை வாங்கிக் கம்பெனி வாசலில் நிறுத்தினார். ஓட்டுவதற்காக இல்லை, பக்கத்தில் நின்று போட்டோ பிடிக்க. வாரம் ஒரு தடவை எஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணைப்பார்கள். இந்த வருடம் யாரோ உசுப்பிவிட, கிருஷ்ணகிரியில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு ஓட்டிப் போனார். இறக்கத்தில் ஜோராகப் போன வண்டி, திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில் இருமி இருமி நின்றது. தக்காளி லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்தார்கள். டிராக்டரில் கட்டி இழுத்து வந்ததை எவனோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அசோக்குமாரின் மானம் கப்பலேறியது.

பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கையுறை போட்டு, இங்கிலீஷில் தலையாட்டி, கார்புரேட்டரை மாற்றினார். வண்டி மறுபடியும் நின்றது. அடுத்து சூப்பர்வைசர் மாதவன். டிப்ளமோவோடு விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவர். யூடியூப் பார்த்துவிட்டு சூடு தணிய பெட்ரோல் பைப்பில் ஈரச் சாக்கைச் சுற்றினார். கங்கப்பன் டீ கிளாஸோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏன் சார், அதுக்கு என்ன காய்ச்சலா? அப்படியே கஞ்சியும் வெச்சுக் குடுத்துருங்க."

மாதவன் முறைத்தார். அசோக்குமார் கங்கப்பனைக் கூப்பிட்டு, டைப் அடித்து வைத்திருந்த ஒரு தாளைக் காட்டினார். "ஞாயித்துக்கெழம இந்த வண்டி மேலுமலைய தானா ஏறணும். ஏறுச்சுன்னா அங்கயே உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து."

கங்கப்பன் தாளில் தன் பெயரை இரண்டு தடவை படித்தார். டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய் பானெட்டைத் திறந்தார்.

எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். குளிரில் நன்றாக ஓடியது. சூடேறியதும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்தது. அடியில் எதுவோ அடுப்பு மூட்டுகிறது. சூடு ஆறியதும் எக்ஸாஸ்ட் குழாயைத் தடவிக்கொண்டே போனால், பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு. வெளியே ஒரு ஸ்பிரிங், ஒரு இரும்புக் குண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு, சூட்டுப் புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பிவிடும். சூடேறியதும் தானாகத் திறந்து புகையை வெளியே விட வேண்டும். இது மூடின இடத்தைவிட்டு அசையவே இல்லை. அச்சு, ஸ்பிரிங், குண்டு எல்லாம் சில்வர் பெயிண்டில் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன.

"எந்த மடையன்டா இதுக்குப் பெயிண்ட் அடிச்சது? அசையற சாமானுக்குப் போயி எவனாச்சும் பூசுவானா? கண்ணு அவனுக்கு முன்னாடி இருக்குதா, பொடனில இருக்குதா?"

ஷிஃப்ட் மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கேபினிலிருந்து அசோக்குமாரே வெளியே வந்துவிட்டார். "எவன்னு தெரியட்டும், அவனுக்கு இருக்கு."

கங்கப்பன் பிளேடால் சுரண்டினார். சில்வருக்கு அடியில் சில்வர், அதற்கும் அடியில் சில்வர். ஆயுத பூஜைக்கு முன்னால் அந்தக் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் விழும். பிரஸ், கம்ப்ரஸர், தள்ளுவண்டி, துருப்பிடித்த குப்பைத்தொட்டி, வாசலில் நிற்கும் காரின் புகைக்குழாய் எதுவும் தப்பாது. பிறகுதான் சந்தனப் பொட்டு. சூடு தாங்கும் சில்வர் டப்பா ஒரே அலமாரியில் இருக்கும். அந்த அலமாரிச் சாவி கங்கப்பனின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

வாயில் வந்த அடுத்த வசவை அப்படியே விழுங்கினார். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பித்தளைச் சுத்தியலால் அச்சை இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று பொறுமையாகத் தட்டினார். கிராஃபைட் தூள் போட்டார். மூன்றாம் நாள் குண்டை விரலால் தொட்டதும் டக்கென்று புரண்டது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் மேலுமலை ஏறியது. மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். அசோக்குமார் முகமெல்லாம் பல்லாகத் தாளை எடுத்துக் காரின் பானெட் மேல் விரித்தார். பேனா மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் மாதவன் சொன்னார். "பெயிண்ட் அடிச்சது அந்த எல்லப்பன்தான் சார். அவன்தான் இப்பிடி அரைகொறையா அள்ளிப் பூசுவான்."

எல்லப்பன் இன்னொரு கான்ட்ராக்ட் ஆள். அன்று அங்கே இல்லை. கங்கப்பன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பேசாமல் டீயைக் குடித்தால் போதும். கிளாஸ் உதடுவரைக்கும் போனது.

"அரைகொறையா?" கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "நாலு வருசமா அந்தச் சூட்டுல ஒரு கொப்புளம் வந்துச்சா? ஒரு சொட்டு வழிஞ்சுச்சா? எல்லப்பன் அடிச்சா நாலு நாளு நிக்குமா சார்? அது என் கை சார்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

அசோக்குமார் பேனாவை மூடினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கோபப்படவில்லை, சிரித்தார். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமலிருக்க ஒரு காரணம் கிடைத்த நிம்மதி அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

"அடுத்த ஆயுத பூஜைக்குப் பாக்கலாம் கங்கப்பா." காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது தலையை வெளியே நீட்டினார். "இந்தத் தடவ பெயிண்ட் மட்டும் எல்லப்பன் அடிக்கட்டும்."

முதலில் சொன்னது கங்கப்பன் பதினான்கு வருடமாகக் கேட்டுப் பழகியது. இரண்டாவதைக் கேட்டதும்தான் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.