சேஸிஸ் எண்ணை மறைத்த கருவிப்பெட்டி

ஏப்ரல் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு, வாகன ஆய்வு அலுவலகத்தின் மூன்றாம் தடத்தில் இந்த அநீதி நிகழ்ந்தது: தானே முத்திரையிட்டு ஒப்புதல் தந்த வரைபடத்தின்படி, ஒரு நூல்கூடப் பிசகாமல் கட்டப்பட்ட பண்ணை வேலை வண்டியை, அதே அலுவலகம் ஓடத் தகுதியற்றது என்று திருப்பி அனுப்பியது. சான்றுகள் பதினான்கு கொடுக்கப்பட்டன. ஒன்றும் பிரித்துப் பார்க்கப்படவில்லை.

வண்டிக்காரரை எல்லாரும் 'ரசீது' என்றே அழைப்பார்கள். ஒரு நட்டு வாங்கினாலும் சீட்டு கேட்டு வாங்கித் தேதிவாரியாகக் கோத்து வைப்பவர். அறுவடை இயந்திரம் பழுதுபார்க்க அவர் யாரிடமும் போய்ப் படித்ததில்லை; கெட்டதைப் பிரித்து, பிரித்ததை வரைந்து, வரைந்ததைப் பார்த்துப் பூட்டியே கற்றுக்கொண்டார். வயல் நடுவில் நின்றுபோன இயந்திரம் பட்டறையைத் தேடி வராது. பட்டறைதான் அதைத் தேடிப் போக வேண்டும். ஆகவே பழைய சிறு லாரியின் பின்பாடியைக் கழற்றிவிட்டு, பக்கச்சுவர் இல்லாத தட்டை மேடை போட்டு, மேடைக்கு அடியில் இருபுறமும் கருவிப்பெட்டிகள் பொருத்தத் தீர்மானித்தார். அறுவடை பத்தொன்பதாம் தேதி தொடங்குகிறது. பெரிய பண்ணையின் மேலாளர் அந்தப் பருவத்தின் பழுதுவேலை முழுவதையும் இவருக்கென்றே வைத்திருந்தார். வண்டி வயலுக்கு வர வேண்டும், அவ்வளவே.

ஐந்து தாள்களில் வரைந்தார். ஜாக்கி, சங்கிலி, எண்ணெய்க்குழாய் என ஒவ்வொன்றையும் எடைபோட்டு, கனமானவற்றுக்கு இடதுபக்கப் பெட்டி என்று பிரித்தார்.

"சமையலறைக்கு ஒரு அலமாரி கேட்டு ஆறு வருஷமாச்சு. ஸ்பேனருக்கு மட்டும் தனித்தனி ரூமா?" என்றாள் மனைவி.

"அதுக்கும் படம் போட்டு வச்சிருக்கேன்."

"படத்துலயா நான் சாமான் அடுக்குறது?"

வரைபடத்துக்கு மார்ச் மூன்றாம் தேதி முத்திரை விழுந்தது. பெட்டியைப் பற்றவைக்கும் நாளில் வெல்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, இங்க அடிச்சட்டத்துல வண்டியோட சேஸிஸ் நம்பர் பொறிச்சிருக்கு, பெட்டி மறைச்சிடும். பெட்டியை நாலு இஞ்ச் பின்னாடி தள்ளிடவா?"

"சீல் விழுந்த படம். ஒரு நூல் நகர்ந்தாலும் வண்டி வேற, படம் வேற ஆயிடும்."

சட்டம் தெரிந்தவர் என்ற தெம்பில், அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, தேதியிட்டு, வெல்டரின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பிறகே பெட்டி ஏறியது.

ஏழாம் தேதி, மூன்றாம் தடத்தில், ஆய்வாளர் வண்டிக்கு அடியில் மண்டியிட்டு டார்ச் அடித்தார். "நம்பர் எங்க?"

"பெட்டிக்குப் பின்னால, சார். அச்சு இந்தா இருக்கு."

"அச்சை நான் என்ன செய்ய? கண்ணால பார்க்கணும். பெட்டியைக் கழட்டுங்க."

"வெல்டிங், சார். வெட்டித்தான் எடுக்கணும். வெட்டலாம்னு எழுதிக் கொடுங்க."

"நான் எப்படி எழுதுறது? நம்பர்கிட்ட நெருப்பு வச்சா, நம்பரைத் திருத்துனதா கேஸ் ஆயிடும்."

"அப்ப புதுப் படம் போட்டுத் தர்றேன்."

"தாங்க. ஆனா புதுப் படத்தை எடுத்துக்கணும்னா முதல்ல நம்பரைப் பார்க்கணும்."

பின்னால் வரிசையில் நின்ற லாரி ஓட்டுநர் சிரித்தார். "பெரியவரே, முக்காட்டைப் போட்டுட்டு முகத்தைப் பாருன்னா எப்படி?"

வரிசையே சிரித்தது. ரசீது சிரிக்கவில்லை, பதினான்கு சான்றுகளையும் வரிசை மாறாமல் மறுபடி அடுக்கிக்கொண்டார்.

நேரே வெல்டரிடம் போய்ப் பெட்டியை வெட்டித் தரச் சொன்னார். வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார். "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு, அண்ணே. எழுத்து இல்லாம தொட மாட்டேன். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

ரசீது எட்டு நாளில் மூன்று முறை அலுவலகம் போனார். ஒருவர் அடுத்த மேசையைக் காட்டினார். அடுத்த மேசைக்காரர் விடுப்பில் இருந்தார். மூன்றாம் முறை, முதல் மேசைக்காரரும் விடுப்பில் போயிருந்தார். வண்டி முற்றத்தில் நின்றது. பெட்டிகளைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்பேனரும் எண்ணெய் பூசி அதனதன் குழியில் படுத்திருந்தது. திறப்பதும் மூடுவதுமே அவருக்கு வேலையாயிற்று.

பதினைந்தாம் தேதி காலை பண்ணை மேலாளர் அழைத்தார். "அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுவீங்களா? இல்ல, வேற ஆளுக்குச் சொல்லிடவா? மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

"பார்க்கிறேன்," என்றார் ரசீது. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

"அந்த வெல்டர் தம்பி அன்னிக்கே சொல்லிச்சே," என்றாள் மனைவி, குரலில் குத்தல் இல்லாமல். அதுதான் அதிகம் வலித்தது.

அவர் மேசை முன் உட்கார்ந்து ஆய்வு அலுவலகத்துக்கு மனு எழுதினார். வெல்டர் எச்சரித்ததையும் தாம் மறுத்ததையும் மறைக்காமல் பதினைந்தாம் சான்றாகச் சேர்த்தார். பின் கீழே எழுதினார்:

'பெட்டியை வெட்டினால் குற்றம். வெட்டாவிட்டால் வண்டி ஓடக் கூடாது. வரைபடத்தை மாற்றவும் வழியில்லை. இம்மூன்றில் எதை நான் செய்ய வேண்டும் என்பதை, பதினெட்டாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள், பொறுப்பாளரின் கையெழுத்தும் தேதியும் இட்டு, எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கோருகிறேன். வாய்மொழியாகச் சொல்லப்படும் எதுவும் பதிலாகக் கொள்ளப்படாது.'