என் சேலையின் நிறம்

கணவர் இறந்த பிறகு நான் சிவப்புச் சேலை உடுத்தியதே இல்லை. தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு, தங்கச்சிதான் மாத்தளை டவுனில் ஒன்று வாங்கித் தந்தாள்.

"உடுத்துங்கக்கா, யாரு என்ன சொல்லப் போறாங்க?"

கூச்சத்தோடுதான் உடுத்தினேன். ஆனால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆல்பத்தை எடுத்துவர ஸ்டூடியோவுக்கு நான்தான் போனேன். எல்லாப் படத்திலும் என் சேலை சாம்பல் நிறமாக இருந்தது.

"பொண்ணு கூறைச் சேலையும் சிவப்புதானேங்க. அதத் தொடாம உங்க சேலைய மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு," என்றார் ஸ்டூடியோக்காரர் பெருமையாக. "நீங்கதான் மாத்தச் சொன்னதா உங்க தங்கச்சி சொன்னாங்க."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தங்கச்சியிடம் கேட்டபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆல்பம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகுதுக்கா. நாலு பேரு பாப்பாங்க."

பிறகு ஏன் வாங்கித் தந்தாய் என்று கேட்காமல் ஆல்பத்தைப் புரட்டினேன்.

ஒரு படத்தில் எவர்சில்வர் வாளியோடு பந்தியில் பாயாசம் பரிமாறுகிறேன். வாளியின் பளபளப்பில் மட்டும் என் சேலை இன்னும் சிவப்பாகவே தெரிகிறது. அதை ஸ்டூடியோக்காரரோ தங்கச்சியோ கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் தங்கச்சி அதையும் மாற்றச் சொல்லிவிடுவாள்.