ஓட்டை அடைத்த தொட்டி

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டைப்பிஸ்ட் பெண்ணுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆயிற்று. நேற்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, எந்தச் செடி வச்சா சாகாது? எங்களுக்கு ஒத்த ரூம்தான். வெயில் வராது. தண்ணி ஊத்த எனக்கு நேரமும் கெடையாது."

வெயில் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், ஆள் இல்லாமல் சாகாதிருக்கும் செடி வேண்டுமாம். அவளைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடு நானும் அலைந்தவள்தான்.

"மருள் வை" என்றேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். கத்தியைக் குத்தி நிறுத்தியதுபோல நிமிர்ந்த இலை, பாம்பின் மேல் இருப்பதுபோலக் குறுக்கே வரி. பாம்புக் கற்றாழை என்றும் சொல்வார்கள். அலுவலகத்தில் என் பீரோவின் மேல் ஒன்று நிற்கிறது. அங்கே எனக்குச் 'செடியக்கா' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருளை நான் முதலில் பார்த்தது எங்கள் ஜில்லாவிலுள்ள நாசரேத்தில், போர்டிங் பள்ளிக்கூடத்தில். தலைமையாசிரியை அறை வாசலில் சிவப்புக் காவி பூசிய தொட்டிகளில் வரிசையாக நிற்கும். முட்டி போட வைக்கப்பட்ட நாட்களில் அவற்றோடுதான் எனக்குப் பேச்சு. படித்தவர்கள் வீடு என்றால் வாசலில் இந்தத் தொட்டி இருக்கும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் எதுவும் இருக்காது. உப்பளத்து ஓரத்துக் குடிசை. புல் முளைத்தாலே அதிசயம்.

அம்மா உப்பு வாரினாள். அப்பா நான் நடக்கத் தொடங்குமுன்னே போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். டைப்ரைட்டிங் இரண்டு பரீட்சையும் எழுதி, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், தோளில் ஒரு கைப்பை மாட்டிக்கொண்டேன். உள்ளே ஒரு கைக்குட்டையும் சீப்பும்தான். ஆனாலும் அதை மாட்டிக்கொண்டு உப்பளத்து வரப்பில் நடக்கும்போது கப்பலே எனக்குச் சொந்தம் என்பதுபோல இருக்கும். "ஏளா, ஓம் மவ வாராளா, கவர்னர் பொண்டாட்டி வாராளா?" என்று அம்மாவோடு வேலை செய்பவர்கள் கத்துவார்கள். அம்மா முக்காட்டுக்குள் சிரிப்பாள். வெயிலில் அவளுக்குக் கண் கூசும். கையை நெற்றியில் வைத்து என்னைத் தேடுவாள். எதிரே நிற்கும்போதும் தேடுகிறாள் என்பதை ஒரு நாள் கவனித்தேன்.

கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். "உப்பளத்துப் பக்கமே போகக்கூடாது. வெயிலே ஆகாது. இருக்கிற பார்வையாவது நிக்கட்டும்" என்றார்.

நிற்க வைத்துவிடலாம் என்று நான் நம்பினேன். படித்தவள் இல்லையா? ஊருக்குள் மில்லர்புரத்தில் ஞானப்பூ டீச்சர் வீட்டின் பின்பக்கம் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து அம்மாவைக் கூட்டி வந்தேன். டீச்சர் எங்கள் வீட்டுக்காரி மட்டுமல்ல, யோசனைக்காரியும். வந்த அன்றே சொன்னாள்: "ஏளா, கண்ணு முன்னால பச்சையா நாலு செடி வையி. வெள்ளையப் பாத்துப் பாத்துக் கெட்ட கண்ணு, பச்சையப் பாத்தாத் தேறும்."

டாக்டர் இதைச் சொல்லவில்லை. ஆனால் கேட்டதும் அது டாக்டர் சொன்னதுபோலவே என் மனதில் உட்கார்ந்துவிட்டது. அம்மாவின் கண்ணுக்கு மருந்து செடி. செடி செத்தால் கண்ணும் போகும் என்று, வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளுக்குள்ளே கணக்குப் போட்டேன். அதனால்தான் சாகாத செடியைத் தேடினேன்.

எங்கள் ஊரில் அது சுலபமில்லை. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். நல்ல தண்ணீர் குடத்துக்குக் காத்து நிற்க வேண்டும், அதைச் செடிக்கு ஊற்றினால் அக்கம்பக்கத்தில் அடி விழும். ரோஜா ஒரு வாரத்தில் இலை உதிர்த்தது. குரோட்டன்ஸ் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் படுத்தது. கடைசியில் நாசரேத்துக்குப் போய்த் தலைமையாசிரியை அறை வாசல் மருளில் ஒன்று கேட்டு வாங்கி, வேரோடு சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் அலுவலகம் போன நேரத்தில் அம்மாவே அதைத் தொட்டியில் நட்டு வைத்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது. மாதம் ஒன்று ஆவதற்குள் மருளின் அடி கொழகொழவென்று அழுகிச் சாய்ந்தது. கட்டிலுக்கடியில் போட்டாலும் பிழைக்கிற செடி! பிடுங்கிப் பார்த்தேன். மண் கல்லாக இறுகியிருந்தது, அதன்மேல் தண்ணீர் தேங்கியிருந்தது. தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தால், ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, விரலால் அழுத்தி அழுத்தி வழித்து விட்டிருந்தது.

"யாரும்மா இத அடைச்சது?"

"நாந்தான். ஊத்துன தண்ணியெல்லாம் ஒழுகுது. ஒழுகுத பாத்தியில உப்பு வெளையுமாளா?"

உப்புப் பாத்தியை அப்படித்தான் தயார் செய்வார்கள். களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, சொட்டு நீர் கீழே இறங்காமல் பார்த்து, அதன் பிறகுதான் தண்ணீர் கட்டுவது. பாத்தி மிதிப்பதில் அம்மாவின் காலுக்கு உப்பளத்தில் பெயர் உண்டு. இங்கே மிதிக்க இடமில்லாததால் முஷ்டியால் குத்தியிருக்கிறாள்.

"இது உப்பு இல்லம்மா, செடி. ஒழுகணும்னுதான் ஓட்டையே போட்டிருக்கான்."

"ஒழுகுததுக்கு ஓட்டையா? இதத்தான் ஒனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாவளா?"

டீச்சர் சமையலறையிலிருந்து சிரித்தது எங்கள் அறை வரை கேட்டது. ஆணியை வைத்து அடைப்பைத் தட்டப் போனேன். அம்மா தொட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நல்ல தொட்டி. சொட்டு ஒழுகாது. அத ஏன் ஒடைக்க?" சரி என்று அதைத் தண்ணீர் வைக்கும் பாத்திரமாக விட்டுவிட்டேன். இலை துடைக்கும் துணியை நனைக்க உதவியது.

வேறு தொட்டி வாங்கினேன். கடற்கரையில் பழைய முத்துக்குளிப்புக் காலத்துச் சிப்பி ஓடுகள் மேடாகக் கிடக்கும். அதிலிருந்து ஒரு பை அள்ளி வந்து தொட்டியின் அடியில் பரப்பினேன். மேலே மணலும் செம்மண்ணும். அழுகாமல் மிச்சமிருந்த ஓர் இலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஈரம் காயவிட்டு, தலைகீழாகிவிடாமல் நட்டேன். தலைகீழாக நட்டால் வேர் விடாது. வேர் பிடிக்கவே மாதக்கணக்காயிற்று.

அதன் பிறகு வருடம் முழுக்க அதற்கென்று பெரிய வேலை இல்லை. கோடையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரு செம்பு. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது தண்ணீரைவிடத் துணிதான் தேவை. புழுதியும் உப்பும் இலையில் படிந்துவிடும், துடைக்காவிட்டால் செடிக்கு மூச்சு முட்டும். மழை மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் அம்மாவுக்கு வரவில்லை. "வேல இல்லாம எப்பிடிளா இருக்க?" என்பாள். நான் இன்னும் செடிகள் கொண்டுவந்தேன். ஊறுகாய் பாட்டிலில் மணி பிளாண்ட், உடைந்த வாளியில் கற்றாழை. ஒவ்வொன்றையும் ஜன்னலில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன். "செடி எப்பிடிம்மா இருக்கு?"

"பச்சைப் பசேல்னு நிக்கிளா. கண்ணுக்குக் குளிச்சியா இருக்கு."

இரண்டு வருடம் இந்தப் பதிலில் நான் தூங்கினேன்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த காலை. இலைகள் கழுவட்டுமே என்று ஜன்னலிலிருந்த செடிகளை எடுத்து முற்றத்தில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். அன்று கப்பல் ஒன்று வந்திருந்ததால் அடிக்க வேண்டிய கடிதங்கள் ஏராளம். நனைந்த சேலையோடு திரும்பியபோது செடிகள் முற்றத்திலேயே இருந்தன. அம்மா கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"செடி எப்பிடிம்மா இருக்கு?"

"நல்லா நிக்கி. மருள்ல புதுக் குருத்து ஒண்ணு எட்டிப் பாக்குது."

ஜன்னல் திண்டில் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை மட்டும் இருந்தது. அதன் மேல் யாரோ தண்ணீர் ஊற்றி, அது சுவரில் வழிந்து தரையில் தேங்கியிருந்தது.

"எங்கனம்மா?"

"இந்தா இங்கன, ஜன்னல்ல."

குடையை மடக்காமல் அப்படியே நின்றேன். பிறகு வெளியே போய் மருளைத் தூக்கி வந்து சத்தமில்லாமல் வைக்கப் பார்த்தேன். தொட்டி திண்டில் உரசியது. அம்மாவின் தலை சட்டென்று திரும்பியது.

"வெளிய வச்சிருந்தியோ?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எப்பலேருந்தும்மா?"

"கச்சான் ஓஞ்சதுலேருந்து. அதுக்கு முன்னாலயும் நெழலாத்தான் தெரிஞ்சுது."

"ஏம் சொல்லல?"

"ஒவ்வொண்ணாக் கொண்டாந்து வச்சிட்டு எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்ப. தெரியலன்னு எப்பிடிளா சொல்ல?"

மறுநாள் லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். இந்த முறை வெயிலில் போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

வாசல்படியோரத்தில் ஓமவல்லி நட்டேன். அதுவும் சாகாத ஜாதிதான். ஒரு கொம்பை ஒடித்துச் செருகினால் போதும், தண்ணீருக்கு ஏங்காது. ஆனால் அதற்காக நடவில்லை. அதைக் கையால் தெரிந்துகொள்ளலாம். அம்மா படியில் உட்கார்ந்து அதன் தடித்த இலையைக் கிள்ளிக்கொண்டே இருப்பாள். "ஒனக்கு வாத்தியாரு இருந்தாவ, இதுக்கு நான் வாத்தியாரு. காதத் திருகுதேன்" என்பாள். முற்றத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்பாள். அவள் என் கன்னத்தைத் தொட்டால் நாளெல்லாம் ஓமவல்லி வாசம் இருக்கும். இப்போதும் யாராவது சளிக்கு அந்த இலையைக் கசக்கினால், நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

அதற்கடுத்த வாடைக் காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். இருமல்தான் காரணம், கண் அல்ல.

புதுத் துறைமுகம் வந்ததும் எங்கள் அலுவலகம் அங்கே போனது. அம்மா மிதித்த பாத்திகள் இருந்த பக்கத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. மண்ணின் நிறமே மாறிவிட்டது. சிப்பி மேட்டைச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், டைப்பிஸ்ட் பெண்ணுக்குத் தொட்டியின் அடியில் பரப்ப உடைந்த கூரை ஓடுதான் கிடைக்கும். டீச்சர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள். வீடு கைமாறி, நான் மட்டும் அதே பின்பக்க அறையில் இருக்கிறேன். மருள் ஜன்னலை அடைத்து வளர்ந்திருக்கிறது. நாசரேத்துத் தலைமையாசிரியை பார்த்தால் பொறாமைப்படுவார்.

போன கோடையில் பெரியம்மா மகள் கல்யாணத்துக்குப் போனவள் கொஞ்ச நாள் அங்கேயே தங்கிவிட்டேன். போகும் அவசரத்தில், ஓட்டை அடைத்த தொட்டியில் இலை துடைக்க வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரைக் கொட்ட மறந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது மருள் வாடாமல் நின்றது. தொட்டியில் தண்ணீர் முழுக்க வற்றி, அடியில், களிமண் அடைப்பின்மேல், வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"அம்மா, வெளைஞ்சிருக்கு" என்று தொட்டியோடு திரும்பினேன். அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் தையல் மிஷின் நின்றது.