மீட்டிங்கில் இருக்கிறார்

போன வாரம் செவ்வாய்க்கிழமை, ஓடும் ரயிலில், நான் ஒரு பொய் சொன்னேன்.

சின்னப் பொய்தான். அதைக் கேட்டதும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். போலீஸுக்கு போன் போடப் போனவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். நல்ல பொய்தானே? பின்னே ஏன் அன்று பகல் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை?

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் குடியிருப்பதும், மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிற உங்களுக்குத் தெரியும். காலை எட்டு பத்து ரயில். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போகும். பாதிப் பேர் நம்மவர்கள். எல்லோர் காதிலும் ஏதாவது ஒன்று செருகியிருக்கும், எல்லோரும் தனியாகப் பேசிக்கொண்டு வருவார்கள். ஊரில் ஒருவர் தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போனால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். இங்கே? பேசாமல் வருகிறவரைத்தான் நின்று பார்க்க வேண்டும்!

அப்படித்தான் ரகுவையும் நினைத்தேன். அவர் பெயரை மாற்றியிருக்கிறேன். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கும். இரண்டு வருஷம் முன்பு எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மைக்செட்டைப் பார்த்துக்கொண்டவர். நான் பேசும்போது மைக் கீச்சென்று கத்தியதற்கு ஓடிவந்து ஸாரி கேட்டவர். மனைவி வித்யா, ஒரு பெண் குழந்தை. அவ்வளவுதான் பழக்கம்.

எங்கள் தொழிலில் தினமும் காலையில் ஒரு சடங்கு உண்டு. டீமில் இருக்கும் ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும் — நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், ஏதாவது தடை இருக்கிறதா. ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடத்துவார். எல்லோரும் சொல்லி முடித்தால்தான் மீட்டிங் முடியும்.

ரகு ரயிலில் அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளை ஒயர் இயர்போன், இஸ்திரி போட்ட கட்டம் போட்ட சட்டை, முதுகுப் பை.

“கார்த்திக், சொல்லுங்க... ஓகே, ஓகே. பிரியா?... சூப்பர். சுமதி?... சுமதி, இருக்கீங்களா?... சரி, சுமதி இன்னும் ஜாயின் பண்ணலை. வெயிட் பண்ணுவோம்.”

என் பெயரும் சுமதி. யாரோ என் பெயர்க்காரி ஒருத்தி தினமும் லேட்டாக வந்து எங்கள் பெயரைக் கெடுக்கிறாளே என்று சிரித்துக்கொண்டேன். மூன்று வாரம் சிரித்தேன்.

நாலாவது வாரம் ஒரு நாள், நிற்கத்தான் இடம் கிடைத்தது. ரகுவுக்குப் பக்கத்தில். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பார், பதில் வரும்வரை காத்திருப்பார், தலையாட்டுவார். யாரோ ஜோக் சொன்னது போல லேசாகச் சிரித்தார். நான் யதேச்சையாகக் குனிந்து பார்த்தேன்.

இயர்போன் ஒயரின் மறுமுனை அவர் சட்டைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எதிலும் சொருகப்படவில்லை. ரயில் ஆட, அந்தச் சின்ன பிளக்கும் ஆடிக்கொண்டிருந்தது.

“பிரியா, கேக்குதா?” என்றார் ரகு. காத்திருந்தார். “ஆங், இப்ப கேக்குது.”

சுரங்கத்துக்குள் ரயில் ஜன்னல்கள் எல்லாம் கருத்து, முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். ஒவ்வொரு ஜன்னலிலும் நாலைந்து முகங்கள், கட்டம் கட்டமாக. வீடியோ மீட்டிங்கில் தெரியுமே, அப்படி. ரகு அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு கட்டத்தில் நான் இருந்தேன்.

என்ன செய்தேன் என்கிறீர்களா? மறுநாள் வேறு பெட்டியில் ஏறினேன். அதற்கு மறுநாளும். வீரதீரமாக எழுதத் தெரிந்த கைக்கு, ஒரு தெரிந்த மனிதரிடம் போய் “என்ன ரகு, எப்படி இருக்கீங்க?” என்று கேட்கத் தெரியவில்லை.

ஆபீஸில் என் பக்கத்து சீட் நோய். தாய்லாந்துக்காரி, பாங்காக்கில் பிறந்து வளர்ந்தவள். பதினெட்டு வருஷமாக இங்கே. நோய் என்றால் அவர்கள் பாஷையில் சின்னவள் என்று அர்த்தமாம், நீங்கள் பயப்பட வேண்டாம். மதியம் சாப்பிடும்போது அவளிடம் ரகுவைப் பற்றிச் சொன்னேன்.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர்கள் தெருமுனையில் ஒரு ஃபராங் இருந்தாராம். வெள்ளைக்கார வெளிநாட்டவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இங்கிலீஷ் வாத்தியார். ஒரு நாள் சட்டை இல்லாமல் நடுரோட்டில் நின்று டிராஃபிக்கை நிறுத்த ஆரம்பித்தார். தினமும். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், சிரித்தார்கள், வீடியோ எடுத்தார்கள். ஃபராங் என்றால் அப்படித்தான், குடித்திருப்பான் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் அவரைக் காணோம். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

“அதே தெருவுல என் பெரியம்மா பையன்,” என்றாள் நோய். “எட்டு வருஷம் மாடி ரூமை விட்டு வெளியே வரலை. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மந்திரிச்ச தண்ணி தெளிச்சாங்க. கேக்குறவங்ககிட்ட ‘ரொம்ப யோசிக்கிறான்’னு மட்டும் சொல்வாங்க. இப்ப நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு, சின்னப் பசங்க டாக்டர்கிட்ட போறாங்க. ஆனா அன்னிக்கு? வெளியாள்னா வேடிக்கை. நம்ம ஆள்னா ரகசியம். ரெண்டு பேரையும் டாக்டர்கிட்ட மட்டும் யாரும் கூட்டிட்டுப் போகலை.”

அவள் பேசியது இங்கிலீஷில். எனக்குக் கேட்டது தமிழில். ‘கொஞ்சம் டென்ஷன்’, ‘கண்ணு பட்டிருக்கு’, ‘சனி பார்வை’ — நம்மிடம் இல்லாத மந்திரிச்ச தண்ணீரா? எங்கள் சங்கத்துப் பார்ட்டி எதை எடுத்தாலும் ஆறு டாக்டர்கள் இருப்பார்கள். முட்டிவலிக்குப் பஜ்ஜித் தட்டோடு வரிசையில் நிற்போம். தூக்கம் வராததைச் சொல்ல ஒருத்தரும் நிற்க மாட்டோம்.

“இங்க நீயும் நானும்தான் ஃபராங்,” என்றாள் நோய், டப்பாவை மூடியபடி. “உன் ஆளு யாரு? வேடிக்கையா, ரகசியமா?”

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சீட்டுக்குத் திரும்பினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, எட்டு பத்துக்கு முந்தின ரயில் ரத்து. பிளாட்பாரத்தில் இருந்த கூட்டத்தில் தள்ளப்பட்டு ரகுவின் பெட்டிக்குள் விழுந்தேன். அன்று அவர் குரல் பெரிதாக இருந்தது. சுரங்கம் வந்ததும் ஜன்னலை விட்டுவிட்டு, நேராக ஆட்களைப் பார்த்து விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். “ஒண்ணு... ரெண்டு... மூணு... வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும். எல்லாரும் இருக்கீங்களா? ஒருத்தர் குறையுது.” ஒவ்வொரு முகமாக வந்தது விரல்.

அந்தப் பாஷை தெரியாத ஒருவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பழுப்பு நிற ஆள், கனமான பை, புரியாத பேச்சு, நீட்டிய விரல். என் பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் என்ன சொல்கிறார், உங்களுக்கு அந்த பாஷை தெரியுமா, யாரையாவது மிரட்டுகிறாரா என்று கிசுகிசுத்தாள். எதிரில் ஒருவர் போனில் எண்களை அழுத்தத் தயாராக இருந்தார். இன்னொருவர் வீடியோவே எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் சிரித்தேன். நல்ல சிரிப்பு, விழாக்களுக்கு வைத்திருக்கிற சிரிப்பு.

“ஒன்றும் இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறார்.”

பெட்டி முழுக்கத் தளர்ந்தது. ‘ஓ, மீட்டிங்கா!’ போன்கள் உள்ளே போயின. யாரோ ஒருவர் ‘பாவம், எனக்கும் ஒன்பது மணிக்கு ஒன்று இருக்கிறது’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரகுவின் விரல் மட்டும் சிரிக்கவில்லை. அது மெதுவாக நகர்ந்து என் முன்னால் வந்து நின்றது. என் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, அதில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

“சுமதி,” என்றார் ரகு, மிக மரியாதையாக. “ஜாயின் பண்ணிட்டீங்களா?”

வேறு எந்த சுமதியும் இல்லை. இத்தனை வாரமாக அவர் கூப்பிட்டது என்னைத்தான்.

நான் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கினார்கள். ரகு இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் போகிறவர்கள் ஏறினார்கள். கதவு மூடும்போது அவர் குரல் கேட்டது — “சரி, சுமதிக்காக வெயிட் பண்ணுவோம்.” அதே ரயில், அவரோடு திரும்ப ஆற்றுக்கடியில் போனது.

பதினோரு மணிக்கு வித்யாவுக்கு போன் செய்தேன். நம்பர் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது.

“வித்யா, நான் சுமதி பேசறேன்.”

‘ஹலோ’ சொன்ன குரல் சட்டென்று மாறியது.

“எந்த சுமதி?”

“பொங்கல் விழாவுல காம்பியர் பண்ணேனே...”

“ஓ... ஆன்ட்டியா? சொல்லுங்க ஆன்ட்டி.”

“ரகு இருக்காராம்மா?”

“மீட்டிங்ல இருக்காரு ஆன்ட்டி.” யோசிக்காமல், டக்கென்று வந்தது. எத்தனை நூறு தடவை சொன்னால் அந்த வேகம் வரும்!

“காலையில ரயில்ல நானும் அதையேதான் சொன்னேன் வித்யா.”

அவள் அழ ஆரம்பித்தாள். அழுது முடித்து அவளே சொன்னாள். ரகுவுக்கு வேலை போய் எட்டு மாதம். லைப்ரரிக்குப் போய் வேலை தேடுகிறேன் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவார், ஆறு மணிக்கு டாணென்று வந்துவிடுவார். ரயிலில் போய்ப் போய் வருவது அவளுக்குத் தெரியாது.

“வீட்லயும் சுவத்தைப் பாத்துப் பேசுவாரு ஆன்ட்டி. தூங்கறதே இல்லை. எங்கம்மாகிட்ட, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, பாப்பா டீச்சர்கிட்ட... எல்லார்கிட்டயும் மீட்டிங்ல இருக்காருன்னு சொல்லிச் சொல்லி... அதுவும் கொஞ்ச நாளா யாரோ சுமதியாம், அவ வந்தாதான் மீட்டிங் முடியுமாம். அவர் டீம்ல அப்படி யாருமே இல்லை. நான் முதல்ல வேற மாதிரி நினைச்சேன், தெரியுமா?”

“ஏம்மா டாக்டர்கிட்ட காட்டலை? உன் வேலையில இன்ஷூரன்ஸ் இருக்கில்ல?”

“ரெக்கார்ட்ல ஏறிட்டா கிரீன் கார்டு வராதுன்னு சொன்னாங்க ஆன்ட்டி.”

“யாரு சொன்னது?”

“...வாட்ஸ்அப்ல.”

ஊரில் வித்யாவின் மாமியார், மகனுக்கு மனசு தெளிய குணசீலம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். வேண்டட்டும், நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் காலையில் ரயிலில் அந்த ஆள் போலீஸைக் கூப்பிட்டிருந்தால், துப்பாக்கியோடு ஏறுகிற போலீஸுக்கு யார் எடுத்துச் சொல்வது, இவர் மைக்செட் ரகு என்று? அதை வித்யாவிடம் அப்படியே சொன்னேன். கடுமையாகத்தான் சொன்னேன்.

சங்கத்து டாக்டர் ஒருவரை நச்சரித்து, மனநல டாக்டரிடம் வியாழன் பத்து மணிக்கு, யாரோ ரத்து செய்த இடத்தைப் பிடித்தோம். மன்ஹாட்டனில்தான். கிரீன் கார்டு சந்தேகத்துக்கு ஒரு வக்கீலையும் கேட்கச் சொன்னேன். எல்லாம் சரி, ரகு வர வேண்டுமே! புதன்கிழமை ராத்திரி வித்யா கூப்பிட்டாள்.

“மீட்டிங் முடியாம எங்கயும் வர மாட்டாராம் ஆன்ட்டி.”

வியாழன் காலை. எட்டு பத்து. அதே பெட்டி. நானே தேடிப்போய் அவர் எதிரில் நின்றேன். ரயில் ஆற்றுக்குக் கீழே இறங்கியது. ஜன்னல்கள் கருத்தன. கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன.

“கார்த்திக்... ஓகே. பிரியா... ஓகே.” என்னைப் பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். எத்தனை நாள் தூங்காத கண்கள். “சுமதி?”

“வந்துட்டேன் ரகு.”

இத்தனை மாதத்தில் அந்த மீட்டிங்கில் முதல் முறையாக ஒரு பதில் வந்திருக்கிறது.

“அப்டேட் சொல்லுங்க,” என்றார்.

“போன வாரம் உங்களைப் பாத்து பயந்து வேற பெட்டிக்குப் போனேன். இன்னிக்கு உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வித்யா ஸ்டேஷன்ல நிக்கறா. தடை ஒண்ணும் இல்லை.”

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ரகு கேட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலைப் பார்த்து, களைத்த குரலில், “தேங்க்ஸ் எவ்ரிபடி. முடிச்சுக்கலாம்” என்றார். இயர்போனைக் கழற்றினார். அதை ஒழுங்காகச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

நான் செய்தது சரியா என்று பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். “வந்துட்டார் இல்ல, இனிமே நாங்க பாத்துக்கறோம்” என்றார். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் நாலு ராத்திரியில் மூன்று தூங்கியிருக்கிறார். நீண்ட வழி இருக்கிறது. இதை எழுதச் சொன்னதே வித்யாதான். “எல்லார் பேரையும் மாத்திடுங்க ஆன்ட்டி, உங்க பேரைத் தவிர.”

அந்த இயர்போன் என் மேஜை டிராயரில் இருக்கிறது. எட்டு பத்து ரயிலில் இப்போதெல்லாம் பேசிக்கொண்டு வருகிற ஒவ்வொருவருக்கும் பிளக் எங்கே போகிறது என்று பார்க்கிறேன்.

ஆனால் பாருங்கள்... இப்போது யார் காதிலும் ஒயரே இல்லை!