பிரோஷ்கா அக்கா எழுதிய இரண்டு சீட்டுகள்

பிரோஷ்கா அக்கா இறந்து பத்து நாள் ஆகிறது. டான்யூப் கரையில் எங்கள் ஊர் நெசவாலையில், தறியிலிருந்து வரும் துணியில் பிழை பார்க்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். ஆலை மூடியபின் அருங்காட்சியகத்துக்குத் தரை துடைக்க வந்தார். நான் அங்கே பதிவாளர்.

வயல்களில் கிடைத்த ரோமானியக் காசுகளில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோனவற்றை ஏழு பெட்டிகளில் போட்டு, அடையாளம் தெரியாதவை என்று எழுதி வைத்திருந்தோம். ஒருநாள் அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு, என் மேசையிலிருந்த காசு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"அந்தக் கண்ணாடிப் பெட்டியில மூணாவதா இருக்கானே, அவன்தான் இது. இந்தத் தாடைய எங்க மேஸ்திரிகிட்ட இருபது வருஷம் பாத்திருக்கேன்."

பெயர் தெரிந்த காசுகளைப் பார்வைக்கு வைத்திருந்த பெட்டி அது; மூன்றாவதாக இருந்தவன் மாக்ஸிமினஸ் பேரரசன். அவர் சொன்னது சரி. அதன்பின் துடைப்பம் வேறொருவர் கைக்குப் போனது. மூக்கையும் கன்னத்தையும் அவர் பார்ப்பதே இல்லை; அவைதான் முதலில் தேயும். பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் கோட்டைப் பார்த்துப் பெயரைச் சீட்டில் எழுதுவார். என்னை டாக்டர் என்று அழைப்பார். நான் அந்தப் பட்டம் வாங்காதவன் என்று தெரிந்தேதான் அழைப்பார்.

அவருக்கு விழித்திரையில் நோய் இருந்தது. பார்வை இன்னும் மூன்று வருடம் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் ஏழு பெட்டியையும் முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை.

நான்காவது பெட்டி முடிந்த சமயம் புதிய இயக்குநர் வந்தார். பார்வை போய்க்கொண்டிருப்பவர் சொல்வதை எப்படிப் பதிவேட்டில் ஏற்றுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியை நான் அக்காவிடமே கேட்டிருக்கலாம். கேட்காமல் சோதித்தேன். மெல்லிய வெள்ளிக்காசு ஒன்றைத் திங்கட்கிழமை தட்டில் வைத்தேன். செவரஸ் பேரரசன் என்று எழுதினார். வியாழக்கிழமை அதே காசுக்கு வேறு எண் போட்டு மறுபடி வைத்தேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முள்ளு முள்ளா கிரீடம். இவன் நம்மகிட்ட இல்லாத ஆளு. பேரு நீதான் சொல்லணும், டாக்டர்."

சீட்டில் ‘முள் கிரீடம், புது ஆள்’ என்று எழுதினார். ஒரே காசுக்கு எழுதிய அந்த இரண்டு சீட்டுகளையும் இயக்குநரின் மேசையில் வைத்தேன்.

மறுவாரம் இயக்குநர் அக்காவுக்குப் பூங்கொத்து கொடுத்து, இரண்டு சீட்டுகளையும் காட்டி, நன்றி சொல்லி வேலையிலிருந்து அனுப்பிவைத்தார். அக்கா என் பக்கம் ஒருமுறை திரும்பினார். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் கழித்து புடாபெஸ்ட்டிலிருந்து ஒரு காசு நிபுணர் வந்தார். அந்தக் காசைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முள் கிரீடக்காரன் ரெகாலியானஸ் என்றார்; எங்கள் பக்கம் கலகம் செய்து சில மாதங்களே ஆண்டவன். பழைய காசுகளை உருக்கக்கூட நேரமில்லாமல், அவற்றின் மேலேயே தன் முகத்தை அடித்தான். அடியில் செவரஸ், மேலே தலைகீழாக அவன்.

மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். பிளம்ஸ் பழத்தை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தார். சோதித்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"வியாழக்கிழமை கையில எடுத்ததுமே அதே காசுன்னு தெரிஞ்சுதே," என்றார்.

"அப்ப ஏங்க்கா சொல்லல?"

"அந்த ரெண்டாவது ஆள நீயும் பாத்துட்ட, எனக்குத் தெரியுதான்னு கேக்குறன்னு நெனச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

திரும்ப வரச் சொன்னேன். மூன்று பெட்டி மிச்சம் இருக்கிறது என்றேன்.

"இப்ப வந்து கூப்பிடுற. உன் மூஞ்சியே எனக்கு ஓரம்தான் தெரியுது. நடுவுல ஒண்ணுமில்ல."

தட்டைத் தடவிப் பார்த்து எனக்குக் கொழுக்கட்டை வைத்தார். சாப்பிட்டேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது அவர் மகள் மார்கித் என்னிடம் வந்தாள். அம்மாவுக்கு அந்த வேலை உயிராயிற்றே, திடீரென்று ஏன் விட்டார் என்று கேட்டாள்.

"கண்ணு முடியாமப் போச்சும்மா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அவர் வேலையை விட்ட அன்று கண் நன்றாகத்தான் இருந்தது.