கோடு விலகிய ரம்பம்

ரம்பங்களுக்கு அரம் போட்டுக் கூராக்குவது கியாசுதீனின் வேலை. திருச்சி ஓடத்துறைக்குப் பக்கத்தில், பரக்கத் அலி ராவுத்தரின் மரவாடியில் இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்துவந்தார். எல்லாம் ஆளுயர ரம்பங்கள். மரத்தின் மேல் ஒருவரும் கீழே குழியில் ஒருவரும் நின்று இழுப்பார்கள். பற்கள் ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாக விலகியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கூராக இருந்தால்தான் ரம்பம் நேராக இறங்கும். ஒரு பக்கம் மழுங்கினால் கூரான பக்கம் ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

1941 பங்குனியில், ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் ஒரு வீட்டு வாசற்கதவுக்கென்று வந்த தேக்கு கோணலாக அறுபட்டது. அடித்த கோட்டை விட்டு இரண்டு விரற்கடை இடப்பக்கம் போயிருந்தது.

மேலே நின்று அறுத்தவன் பிச்சை. "நான் கோட்டுலதாங்க வச்சு இழுத்தேன். அதுவா ஓடுது. அரம் சரியா விழுந்துச்சா பாருங்களேன் பாய்" என்றான்.

எல்லார் முன்னாலும் அவன் அப்படிக் கேட்டது கியாசுதீனுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷத்துல என் ரம்பத்தை ஒருத்தன் குறை சொன்னதில்ல. உன் கைதான் கோணி இழுக்குது" என்றார்.

ராவுத்தர் அவர் பேச்சை நம்பினார். மறுநாளிலிருந்து பிச்சை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புதிதாக வந்த ஆளும் ஒரே வாரத்தில் கோட்டை விட்டான். அதே இடப்பக்கம். எல்லாரும் சாப்பிடப் போனபின் கியாசுதீன் பற்களின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கப் பல் தோலைப் பிடித்தது. வலப்பக்கம் வழுக்கியது. தை மாதம் வண்டியிலிருந்து விழுந்து அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வலி இல்லாததால் கை சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தார். ரம்பத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் அரம் இழுக்கும்போது அந்தக் கை அழுந்தவே இல்லை.

வீட்டில் மனைவி ரோஷன் பேகத்திடம் சொன்னார். அவள் பயந்துபோனாள். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த வேலையும் போச்சுன்னா எங்க போறது?"

அவர் சொல்லவில்லை. வலப்பக்கப் பல்லுக்கு மட்டும் மூன்று இழுப்புக்குப் பதில் ஆறு இழுத்தார். ஒருநாள் நேராக வரும், மறுநாள் விலகும். புது ஆள் திட்டு வாங்கியபோதும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. அதற்கு மேல் முடியாமல் ராவுத்தரிடம் ஒப்புக்கொண்டார்.

 "போய் பிச்சையைக் கூட்டிட்டு வா" என்றார் ராவுத்தர்.

காட்டூரில் பிச்சையின் வீட்டில் அவன் மனைவி வெள்ளையம்மாள்தான் இருந்தாள். "அவரு ரங்கூன் மர மில்லுக்குப் போயி எட்டு நாளாச்சு" என்றாள்.

கியாசுதீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என்மேலதாம்மா. அவன் கையில ஒரு குத்தமும் இல்ல."

அவள் ஏசவில்லை. "போற அன்னிக்குக்கூடக் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. 'கியாசு பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும், என் கைதான் கெட்டுப்போச்சு'ன்னாரு. இங்க வேற மரவாடியில வேலை கேக்கவே கூசுனாரு. உங்க வார்த்தையை அவ்வளவு நம்பிட்டாரு பாய்."

ஐப்பசியில் வெள்ளையம்மாளுக்குப் பிச்சையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதிலிருந்த விலாசத்துக்குக் கியாசுதீன் எழுதத் தெரிந்த ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லி அனுப்பினார். பதில் வரவில்லை. மார்கழியில் ரங்கூனில் ஜப்பான்காரர்களின் குண்டு விழுந்தது.

மறு வருஷம் பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்தவர்கள் சிலர் திருச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். கியாசுதீன் ஒவ்வொருவரையும் தேடிப்போய் விசாரித்தார். அந்த மில் எரிந்துபோனதை ஒருவர் பார்த்திருந்தார். ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

கியாசுதீன் அரத்தை விட்டுவிட்டார். ராவுத்தர் அவரை வாசற்காவலுக்கு வைத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறை அரிசி எடுத்துக்கொண்டு காட்டூர் போவார். "வேண்டாம் பாய், எடுத்துட்டுப் போங்க" என்பாள் வெள்ளையம்மாள். அவர் எடுத்துக்கொண்டு திரும்பி நடப்பார். தான் எழுதச் சொன்ன கடிதம் பிச்சையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சாகும்வரை அவருக்குத் தெரியவில்லை.